தட்டி இல்லாத படம்

ஆளில்லாத மாதா கோயிலைப் படம் பிடிக்கவென்று மதுரையிலிருந்து பொன்னுராஜ் என்பவர் முக்காலியும் பெட்டியுமாக எங்கள் ஊருக்கு வந்தார். திருவிழாவில் ஊரே நிறைந்திருக்கும்போது வராமல், வெறுங்கோயிலைப் பிடிக்க வண்டி கட்டி வந்த மனுசரை என்னவென்று சொல்வது! நான் கோயில் பெருக்குகிறவள். தூசி அடங்குகிற மட்டும் ஓரமாக நில் என்றார்கள், நின்றேன்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நடுவுல மூங்கில் தட்டி நிக்குதே, சாமி. பாதிக் கோயிலு மறையுது."

வெள்ளைக்காரச் சாமியார், கோயில் காரியம் பார்க்கிற மேலத்தெரு உபதேசியார் பிலவேந்திரனைப் பார்த்தார். உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"ஏ இன்னாசியம்மா, உங்க ஆளுகளைக் கூப்பிட்டுத் தட்டியை எடுக்கச் சொல்லு. கோயிலுக்குத் தர்மம் குடுத்த பிரான்சு தேசத்து ஆளுகளுக்குப் படம் போகுது. லட்சணமா இருக்கணும். சாயங்காலம் திரும்பக் கட்டிரணும்."

தட்டிக்கு முன்னால் மேலத்தெரு, பின்னால் கீழத்தெருக்காரர்களான நாங்கள். பெருக்கும்போது நான் பீடம்வரை போகலாம், பூசை நேரத்தில் போகக்கூடாது. எனக்குத் தாலி ஏறியதும் தட்டிக்குப் பின்னால்தான். மெழுகுதிரியை மூங்கில் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். வருகிற திங்கட்கிழமை என் மகள் ஆரோக்கியத்துக்குக் கல்யாணம். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வருசா வருசம் அந்தத் தட்டியைப் பின்னிக் கட்டுவது எங்கள் தெரு ஆம்பிளைகள்தான். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம், கிறுக்குப்பிடித்த சனம்!

தட்டி போனது. உள்ளே வெளிச்சம் போதாதாம், பெட்டி மூடியைத் திறந்து நெடுநேரம் வைக்க வேண்டுமாம். ஒரு செபமாலை சொல்லி முடிகிற மட்டும் என்று உபதேசியார் கணக்குச் சொன்னார். யாரும் அசையக்கூடாது, தரை அதிர்ந்தால் படம் கலங்கிவிடும், குறுக்கே நடக்கிறவர்களோ படத்தில் விழவே மாட்டார்கள் என்றார் பொன்னுராஜ். வாசலில் மரம் மாதிரி நின்றோம். செபம் என் வாயில்தான் இருந்தது, கண் உள்ளே போய்விட்டது. குனிந்து பெருக்கும்போது கண்ணில் படாத பீடம் வாசலிலிருந்து முழுசாகத் தெரிந்தது. ஐயோ மாதாவே, இவ்வளவு அழகையா மறைத்து வைத்திருந்தோம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெட்டியை மூடியதும் தட்டியின் ஒரு முனையை நான் தூக்கினேன். என் வீட்டுக்காரர் சின்னக்கருப்பு மறுமுனையைத் தூக்கினார். வாசலைத் தாண்டியும் நான் நிற்கவில்லை.

"ஏத்தா, எங்கன போற?"

"வீட்டுக்கு. பந்தலுக்கு மேல போட ஆகும்."

"நம்மள ஊரைவிட்டு விரட்டிருவாக."

"விரட்டட்டும். தூக்குங்க."

அன்று பொழுது இறங்குமுன் உபதேசியார் பந்தலுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"திமிரா உனக்கு? புதுசாப் பின்னிக் கட்டு, இல்லேன்னா கல்யாணம் நடக்காது."

"படத்துல இல்லாத தட்டி கோயில்ல எதுக்குய்யா? வேணும்னா உங்க தெருக்காரக பின்னட்டும்."

அவர்களில் ஒருத்தருக்கும் மூங்கில் பிளக்கத் தெரியாது. நான் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், ஒரு மூங்கில் சிம்பைக்கூடச் சீவக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். பயந்தவர்கள்கூடக் கடைசியில் கையை நீட்டினார்கள்.

நாள் குறித்த கல்யாணத்தைச் சாமியார் நிறுத்தவில்லை. திங்கட்கிழமைப் பூசைக்கு மேலத்தெருக்காரர்கள் முன்னால் நிறைந்து நின்றார்கள். தட்டியின் கால் நின்ற குழிகள் தரையில் அப்படியே கிடந்தன. மாப்பிள்ளையோடு வந்த ஆரோக்கியம் குழிக்கு முன்னால் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆத்தா..."

"நட."

காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். மாப்பிள்ளையும் தாண்டினான். பீடத்தில் சாமியார் சனத்தின் பக்கம் திரும்பி நின்றார். பொன்னுராஜ் மூடியைத் திறந்து வைத்த நேரம் போலக் கோயிலே அசையாமல் நின்றது. அவர்கள் இரண்டு பேர் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள்.