சம்மந்திகள் ஒட்டிய ஜில்லாப் படம்

வெற்றிலை பாக்கு மாற்றிய நாளிலிருந்து அந்தச் சிங்காநல்லூர்ப் பட்டறையில் ஒரு துணிகூட நேராக ஓடவில்லை.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நீள மர உருளைகள், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, ஒரு அண்டா நிறைய மைதாப் பசை. மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டிய பெரிய பெரிய படங்களைக் காடாத் துணியில் ஒட்டிக் கொடுப்பது தொழில். பசை தடவிய துணியும் அதன்மேல் படமும் சேர்ந்து உருளைகளுக்கு நடுவே நுழையும். கூலிக்கு வரும் பாவாத்தாள் கைப்பிடியைச் சுற்றுவாள். துணியின் இரண்டு ஓரத்தையும் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ஒரு பக்கம் வேங்கடசாமி, மறுபக்கம் அவர் கூட்டாளி சீனிவாசலு. நுழையும்போது ஒரு நூல் கோணினால், முடியும்போது ஒரு சாண் கோணிவிடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தன் கையில் இருக்கும் ஓரம் தளர்வது தனக்குத் தெரியாது. எதிரே நிற்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். அவன்தான் கத்த வேண்டும்.

பதினெட்டு வருஷமாகக் கத்தினார்கள்.

"டேய் சீனு, இழுடா!"

"முதல்ல உன் பக்கத்தைப் பாருடா, தூங்குமூஞ்சி!"

தெருவில் போகிறவர்கள் அடிதடி என்று எட்டிப் பார்ப்பார்கள். துணி என்னவோ அளவுகோல் வைத்த மாதிரி நேராகப் போகும்.

போன மாதம் வேங்கடசாமியின் பெண்ணைச் சீனிவாசலுவின் பையனுக்கு நிச்சயம் செய்தார்கள். விருந்துச் சாப்பாடு செரிப்பதற்குள் வேங்கடசாமியின் மனைவி வெங்கடம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி அவரு உங்களுக்குச் சினேகிதன் இல்லீங்க, சம்மந்தி. மாப்பிள்ளையோட அப்பாவைப் போயி டேய்னு கூப்பிட்டா, நம்ம புள்ளைய அந்த ஊட்டுல யாருங்க மதிப்பாங்க?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? மறுநாள் காலையில் வேங்கடசாமி, "வாங்க சம்மந்தி" என்றார். சீனிவாசலு கொஞ்சம் முழித்துவிட்டு, "வாரேனுங்க சம்மந்தி" என்றார். போயிற்று! மாப்பிள்ளை வீட்டுக்காரரைப் பெண் வீட்டுக்காரர் ஏவுவதாவது! பெண் கொடுத்தவரைப் பெண் எடுத்தவர் அதட்டுவதாவது! துணி தளர்வதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இரண்டு பேரும் மரியாதையாக நின்றார்கள். ஒரே மாதத்தில் மூன்று படம் கோணிப் போயிற்று. நல்ல வேளை, மூன்றும் அச்சுப் படம். வேறு வாங்கி ஒட்டிக் கொடுத்தார்கள்.

இன்றைக்கு வந்தது அப்படி இல்லை. காரமடைப் பள்ளிக்கூடத்து ராமாமணி டீச்சர் தன் கையாலேயே வரைந்த கோயமுத்தூர் ஜில்லாப் படம். பன்னிரண்டு அடி நீளம். ஒவ்வொரு ஊருக்கும் பெயர், ஒவ்வொரு ஓடைக்கும் வளைவு.

"எட்டு மாசமுங்க" என்றார் டீச்சர். "இதுக்கு ரெண்டாவது காப்பி கிடையாதுங்க. பாத்துச் செய்யுங்க."

வேங்கடசாமி படத்தை ஒரு தரம் முழுக்கப் பார்த்தார். பிறகு துணியைப் பிடித்தார்.

தெற்கு முனை முதலில் நுழைந்தது. பொள்ளாச்சி நல்லபடியாக உள்ளே போயிற்று. அப்புறம்தான் சீனிவாசலுவின் பக்கம் துணி தளர்ந்தது. மதுக்கரைக்குப் பக்கத்தில் தாள் லேசாக எழும்பியது. வேங்கடசாமி பார்த்துவிட்டார்.

"சம்மந்தி..."

"சொல்லுங்க சம்மந்தி."

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குச் சிரமமில்லீன்னா..."

"எனக்கென்னங்க சிரமம்? நீங்க சொல்லுங்க."

"இல்லீங்க, சித்தே அந்த ஓரத்தை..."

இந்த உபசாரம் நடப்பதற்குள் சுருக்கம் கட்டைவிரல் தடிமனாகி, உருளைக்கு முன்னால் காரமடையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. உருளைக்குள் மாட்டினால் அதோடு சரி, பிரம்மாவே வந்தாலும் நிமிர்த்த முடியாது.

"ஏனுங்க, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எல்லா ஊரும் மடங்கிப் போயிருமுங்க" என்றாள் பாவாத்தாள். "நிறுத்திப் போடட்டுங்களா?"

"நிறுத்தாதே!" என்று இருவரும் அலறினார்கள். நடுவில் நிறுத்தினால் படத்தின் குறுக்கே கோடு விழுந்துவிடும்.

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கண் இரண்டும் நிரம்புவதை வேங்கடசாமியால் பார்க்க முடியவில்லை.

"டேய் சீனு! எருமை மாடே! இழுடா!"

சீனிவாசலு இழுத்த இழுப்பில் துணி விறைத்தது. சுருக்கம் உருளையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் படுத்துவிட்டது.

"இழுத்துட்டேன்டா! உன் பக்கம் என்ன வாழுதாம்? தொங்குது பாரு, சோம்பேறி!"

"தெரியுதுடா, வாயை மூடு!"

மேட்டுப்பாளையம் வரைக்கும் இதே வசவுதான். வடக்கு முனை வெளியே வந்தபோது படத்துக்கும் துணிக்கும் ஒரு நூல் வித்தியாசமில்லை. டீச்சர் குனிந்து காரமடையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கண்ணீரும் வந்துவிட்டது.

அப்போதுதான் வேங்கடசாமிக்குத் தான் பேசியது உறைத்தது. முகம் வெளுத்துப் போயிற்று.

"சம்மந்தி, வாய் தவறிப் போச்சுங்க. எம்மேல இருக்கற கோவத்தை எம் புள்ளைகிட்டக் காட்டிப் போடாதீங்க."

சீனிவாசலு பசைக் கையை வேட்டியில் துடைத்தார்.

"ஒரு மாசமாடா" என்றார். "நீ வாங்க போங்கங்கறப்பெல்லாம், பொண்ணைக் குடுத்துப்போட்டு என்னை அத்து உட்டுப்போட்டியேன்னு எனக்குச் சோறு எறங்கலைடா."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"எப்படிடா சொல்றது? பொண்ணைக் குடுத்தவன்கிட்ட மரியாதை இல்லாமப் பேசினா, உம்மனசு நோகாதா?"