முதுகு காட்டிச் சொன்ன கதை

இருபத்தாறு வருடமாக லக்னோவைச் சுற்றிக் காட்டுகிறேன். நவாபுகள் எல்லாரும் சேர்ந்து பேசியதைவிட அவர்களைப் பற்றி நான் ஒருவன் அதிகம் பேசியிருப்பேன். என் மனைவி ஷெஹ்னாஸ் அடிக்கடி சொல்வாள்: "ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசறீங்க. நான் பேசினா மட்டும் உங்க காதுல ஏறாது." அவளுக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது என்பதால் ஷெர்வானியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஆனால் வாய்தான் என் முதலீடு. இணையத்தில் முஜ்தபா மிர்சா என்று தேடினால், இவர் கதையைக் கேட்கவே இன்னொரு முறை வருவோம் என்று ஆட்கள் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நான் வாரம் ஒரு முறை பார்க்கிறேன்.

பிரமிளா கெல்கர் அம்மையாரும் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார். நாக்பூர்க்காரர். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. ஒரு நாள் முழுக்கக் காரும் நானும் வேண்டும், கூட யாரும் வரவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தார். ஜனவரி மாதக் குளிர். காது மறையக் கம்பளிக் குல்லாவும் சால்வையுமாக ஓட்டல் வாசலில் நின்றார்.

அப்படி ஒரு ரசிகையை நான் பார்த்ததில்லை. எப்போது திரும்பினாலும் அவர் கண் என் முகத்தில் இருந்தது. குறுக்குக் கேள்வி இல்லை, கைபேசியை நோண்டவில்லை, கொட்டாவி விடவில்லை. காரில் நான் முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தேன். கண்ணாடியில் பார்த்தபோதெல்லாம் புன்னகை. எனக்குக் குஷி தாங்கவில்லை. வழக்கமாக ஒதுக்கிவிடும் கதைகளையும் அவிழ்த்துவிட்டேன்.

சில விஷயம் மட்டும் விசித்திரமாக இருந்தது. சௌக் கடைவீதிச் சந்தில் பின்னால் ஸ்கூட்டர் ஹாரன் அடித்து உயிரை வாங்குகிறது, அம்மையார் நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். நாக்பூர்க்காரர்களுக்கு நெஞ்சழுத்தம் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். மக்கன் மலாய் வாங்கிக் கொடுத்தேன். பனிக்காலத்தில் மட்டும் கிடைக்கும் பால்நுரை, வாயில் வைத்ததும் இருக்காது.

"எங்கய்யா போச்சு? முழுங்கறதுக்குள்ள காணாமப் போச்சே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

குனிந்து சில்லறையை எண்ணியபடி, "மேடம், டீ சொல்லட்டுமா, காபியா?" என்றேன்.

"ஆமா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

சிரித்துவிட்டு நானே டீ சொன்னேன். ஷெஹ்னாஸ் சொல்வதில் பிழை இல்லை. எனக்குக் கேட்பது பழக்கமில்லை.

மூன்று மணிக்குப் பெரிய இமாம்பாராவுக்குள் போனோம். முஹர்ரம் துக்கத்துக்காக நவாப் கட்டிய மண்டபம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கம்பளிக் காலுறையோடு அவர் பூனை மாதிரி நடந்தார். ஒரு தூண்கூட இல்லாத அந்த நீண்ட கூடத்தின் உச்சியில், சுவரை ஒட்டி நடைமாடம் ஓடுகிறது. ஒரு கோடியில் அவரை நிறுத்திவிட்டு மறுகோடிக்குப் போய் ஒரு தீக்குச்சி கிழித்தேன். இந்த முனையில் கிழித்தால் அந்த முனையில் காதோரம் கிழித்த மாதிரி கேட்கும். எல்லா வழிகாட்டிகளும் செய்கிற வித்தைதான். பார்க்க வந்தவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அம்மையார் துள்ளவில்லை. சுடர் எரிந்து முடியும் வரை பார்த்துவிட்டு, நிதானமாக வலது கையை உயர்த்தினார். பெரிய மனுஷியின் பெரிய ரசனை என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்துக்கு மேலேதான் பூல்புலையா என்கிற புதிர்வழி. ஒரே மாதிரி வாசல்கள், ஆள் ஒருவர் மட்டும் நுழையும் இருட்டு நடைகள், ஏறி இறங்கும் படிகள். ஆயிரத்துச் சொச்சம் வழி என்பார்கள். எண்ணிப் பார்த்தவனை நான் சந்தித்ததில்லை. குறுகிய படி என்பதால் அவர் கைப்பையை வாங்கி நான் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். கோமதி நதிப் பக்கம் பனி இறங்கியிருந்தது.

இங்கேதான் என் பெயர்போன விளையாட்டு. மாடியிலிருந்து ஆட்களைத் தனியே விட்டுவிடுவேன். அவர்களே வழி கண்டுபிடித்து நடைமாடத்துக்கு வர வேண்டும். தனியே என்பது பெயருக்குத்தான். ஒரு திருப்பம் தள்ளி நின்று காலடிச் சத்தத்தையும் பேச்சையும் வைத்துப் பின்தொடர்வேன். ஐந்து நிமிடத்தில் "மிர்சா சாப், காப்பாத்துங்க!" என்று அலறுவார்கள். பக்கத்துச் சுவருக்குப் பின்னாலிருந்து "இங்கதான் இருக்கேன்" என்று வந்து நிற்பேன். அதற்குத்தான் இணையத்தில் நட்சத்திரம் குவிகிறது.

முதல் படிகளில் இறங்கிக்கொண்டே சொன்னேன்: "ஒண்ணே ஒண்ணு மேடம். வெளிச்சத்தைப் பாத்துப் போகாதீங்க. வெளிச்சம் வர்ற பக்கமெல்லாம் வெளி மாடம், கைப்பிடிச் சுவர் தாழ்வு, கீழே அதலபாதாளம். இருட்டு பக்கமா திரும்புங்க, சரியா வந்துடுவீங்க."

பிறகு திரும்பி, கை காட்டி, "இனி நீங்களே வாங்க, பாக்கலாம்!" என்றேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். நான் இருட்டுக்குள் நழுவினேன்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காலடி கேட்கவில்லை. கம்பளிக் காலுறை. குரலும் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. கெட்டிக்காரி, அலறாமல் வருகிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் ஆனதும் நடைமாடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆள் இல்லை. விட்ட இடத்துக்கு ஓடினேன். அங்கும் இல்லை. என் தோளில் அவர் பைக்குள் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. பெண்கள் பையைத் திறப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். பத்து நிமிடம் இருபதாயிற்று. எனக்கு வியர்க்க ஆரம்பித்தது.

அப்போது என் கைபேசி அடித்தது.

"மிர்சா சாப்? நான் அமோல் கெல்கர், புனேயிலேருந்து பேசறேன். அம்மா உங்ககூடத்தானே இருக்காங்க? அரை மணியா மெசேஜுக்குப் பதிலே இல்ல."

"இங்கதான் சார் இருக்காங்க. போட்டோ எடுத்துட்டிருக்காங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம்.

"அப்பாடா. அவங்க முகத்தப் பாத்துத்தானே பேசறீங்க? திரும்பி நின்னு பேசினா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது."

"ஏன் சார்?"

"அம்மா சொல்லலையா? அவங்களுக்குச் சுத்தமா காது கேக்காதுங்க. பன்னண்டு வருஷம் ஆச்சு. உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாங்க. அப்பா இருந்தவரைக்கும் அவர் கூடவே நின்னு எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுவார். அவர் போனப்புறம் இதான் தனியா வர்ற மொத தடவ. நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. இந்தப் பயணத்துல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாக்பூர் வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும்னு பேச்சு. அஞ்சு மணிக்கு மறுபடி கூப்பிடறேன், என்ன?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். வெளிச்சத்தைப் பார்த்துப் போகாதே என்று நான் சொன்னது படி இறங்கும்போது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இருட்டில் தனியாக விடப்பட்ட, காது கேட்காத மனுஷி எந்தப் பக்கம் போவார்? வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போவார். யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள்.

ஓடினேன். "மேடம்! கெல்கர் மேடம்!" என்று நாலு திருப்பம் கத்திய பிறகுதான் என் முட்டாள்தனம் எனக்கே உறைத்தது. சுவர்கள் என் குரலை எனக்கே திருப்பிக் கொடுத்தன. அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

படியடியில் காவலாளி சிவ்பரன் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே யாரும் இல்லை என்று உறுதியானால் பூட்டிவிட்டுப் போவது அவன் வேலை.

"என்ன மிர்சா பாய், உங்க ஆள் இன்னும் ரசிச்சு முடியலையா? ஒரு விசில் அடிச்சா ஓடி வந்துடுவாங்க."

"அவங்களுக்கு விசில் கேக்காது சிவ்பரன். காது கேக்காது."

"நாள் பூராவும் உங்ககூடத்தானே இருந்தாங்க?" அவன் சிரித்தான். "குடுத்து வச்ச மகராசி."

வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கி, டார்ச்சை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் ஏறினான். நான் மேற்குப் பக்கம் ஏறினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கக்கூடிய இடம், அன்று இரண்டு முறை தவறான வாசலில் நுழைந்தேன். பயம் வந்துவிட்டால் எல்லா வழியும் ஒரே மாதிரிதான்.

வெளி மாடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவதில், கைப்பிடிச் சுவருக்கு அடியில், கம்பளிக் குல்லா கிடந்தது.

அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. கீழே எட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. இமாமின் பெயரைச் சொல்லிக்கொண்டு பார்த்தேன். புல்தரையில் ஒரு குடும்பம் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை அப்பளத்துக்கு அடம்பிடித்து அழுதது. யாரும் ஓடவில்லை, கூட்டம் கூடவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டேன். ஆனால் இங்கே வரை வந்திருக்கிறார். அடுத்த மாடத்தில் இதே மாதிரி நடக்காது என்று யார் சொன்னது?

கிழக்குப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. பழக்க தோஷம், சிவ்பரன் அடித்துவிட்டான். மணி நாலு நாற்பத்தைந்து.

குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். காலையிலிருந்து நான் கொடுத்ததில் அவருக்கு எது போய்ச் சேர்ந்திருக்கும்? கதை போகவில்லை. எச்சரிக்கை போகவில்லை. அந்தக் கோடியில் நின்று கை உயர்த்தினாரே, அது எதற்கு? சத்தத்துக்கு இல்லை. நெருப்பைப் பார்த்துவிட்டுக் கை உயர்த்தினார்.

நடைமாடத்துக்கு ஓடினேன். கூடம் அரையிருட்டாக இருந்தது. அந்த நடைமாடத்தை நோக்கித்தான் பல நடைகள் திறக்கின்றன. அவர் எங்கிருந்தாவது எட்டிப் பார்த்தால் தெரிய வேண்டும். மூன்று மணிக்கு நான் நின்ற அதே இடத்தில் நின்று, குச்சியைக் கிழித்துத் தலைக்கு மேலே பிடித்தேன். விரல் சுடும் வரை விடவில்லை. அணைந்தது. இரண்டாவதையும் அப்படியே பிடித்தேன். மூன்றாவது பாதியில் அணைந்துபோனதற்கு அதைத் திட்டினேன். யா அலி, இந்த அம்மாவைக் கொடுத்துவிடு, இனி ஜென்மத்துக்கும் யாரையும் தனியே விடமாட்டேன் என்று வாய்விட்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

நான்காவது குச்சி எரியும்போது எதிர்க்கோடியில் ஏதோ அசைந்தது. நரைத்த தலை. பிறகு, நிதானமாக உயர்ந்த வலது கை.

அத்தனை நீளத்தையும் ஓடிக் கடந்தேன். அவர் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"பயந்துட்டேன்" என்றார். அந்தச் சத்தமான குரல் இப்போது தேய்ந்திருந்தது.

அவர் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்: "ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, மேடம்?"

"கூப்பிட்டா நீங்க பதில் சொல்லுவீங்க. அத வச்சு நான் என்ன பண்றது?" என்னைக் கூர்ந்து பார்த்தார். "அமோல் சொல்லிட்டானா?"

"சொன்னார். நீங்களே காலைல சொல்லியிருக்கலாம்."

"என் வீட்டுக்காரர் இருக்கும்போதே மைசூர்ல ஒரு வழிகாட்டிகிட்ட சொன்னோம். அந்த ஆள் நாள் பூரா என் காதுக்குள்ள கத்தினார். இதுக்கு எங்க புரியப்போகுதுன்னு பாதிக் கதைய விட்டுட்டார். உங்க கதை எனக்கு முழுசா வேணும்னு நெனச்சேன்."

"எவ்வளவு கெடைச்சுது?"

"நீங்க திரும்பினப்பல்லாம் கெடைச்சுது." கொஞ்சம் யோசித்தார். "நாலஞ்சு தடவ திரும்பினீங்க. மத்தபடி முதுகத்தான் பாத்தேன். நல்ல ஷெர்வானி."

நான் குல்லாவை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, "வெளிய எட்டிப் பாத்தேன். காத்துல விழுந்துச்சு. அதுக்கு மேல அங்க நிக்க எனக்குத் தைரியமில்ல" என்றார்.

சரியாக ஐந்து மணிக்கு என் கைபேசி அடித்தது. திரையில் இருந்த மகனின் எண்ணை அவர் பார்த்துவிட்டார். சொல்லாதே என்று கெஞ்சவில்லை. ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் படும்படி ஓர் அடி நகர்ந்து நின்று, என் உதட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றேன். "அம்மா என் முன்னாடிதான் நிக்கறாங்க. நல்லா இருக்காங்க. முன்னாடி நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன், மன்னிக்கணும். பூல்புலையால அவங்கள விட்டுட்டு வந்துட்டேன். விளையாட்டுக்கு."

எதிர்முனையில் அமோல் கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன்.

"இல்ல சார். அவங்களால தனியா வர முடியாதுன்னு சொல்லாதீங்க. அவங்க வழிய அவங்களேதான் கண்டுபிடிச்சு வந்தாங்க." அதற்கு மேல் சொல்லக் கூச்சமாக இருந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்து, கைபேசியை ஷெர்வானிப் பைக்குள் போட்டேன்.

தோளில் ஒரு விரல் தட்டியது.

"கடைசில திரும்பிட்டீங்க" என்றார் பிரமிளா அம்மையார். "அது எனக்குக் கெடைக்கல. மறுபடி சொல்லுங்க."

திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"வழி தவறிப் போனது நான்தான்னு சொன்னேன், மேடம்."