ஏழாம் பிரிவு

கோயில் வண்ணக்கர் நல்லரத்தினம் வந்திருக்கிறார் என்று ஹஸீனா சொன்னதும் அன்னப்பூரணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அலுவலக ஜன்னலுக்குப் போனாள். திரையை ஒரு விரலால் ஒதுக்கிப் பார்த்தாள். அவரேதான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் தங்கள் வயல் வட்டைக்கு வந்து சேரவில்லை என்று முறையிட வந்த விவசாயிகளுக்கும், இடமாற்றம் கேட்டு வந்த ஓர் ஆசிரியைக்கும் நடுவில், கால் வளைந்த பிளாஸ்டிக் கதிரையில், சாய்ந்தால் விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அவர் நடந்து வந்தால் எழுந்து நிற்கிறவர்களே அதிகம். இங்கே ஒருவரும் எழும்பவில்லை.

“உள்ள அனுப்பவா மேடம்?”

“இரிக்கட்டும். ரீச்சரக் கூப்பிடு. மறுகா வட்டைக்காரங்க. கடைசியா அவர்.”

“நம்மட சட்டத்தைப் பத்தி மைக்குல கிழிகிழியெண்டு கிழிச்ச மனிசன்தானே? எங்கட காத்தான்குடிக்கும் கேட்டிச்சி.” ஹஸீனா சட்டத்தரணி, சட்டமூலத்தின் ஒவ்வொரு வசனமும் அவள் எழுத்து. “ரெண்டு தரம் தண்ணி கேட்டுட்டார்.”

“குடுத்தியா?”

“குடுத்தன். சுடுதண்ணி.”

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் அந்தக் கதிரைப் பக்கம் திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். தேநீரை எடுத்து மெதுவாகக் குடித்தாள்.

உதவிக் கருத்தரிப்புக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அவள் பாராளுமன்றத்தில் பேசிய நாளிலிருந்து பத்திரிகைகள் அவளைத் தாய்மையின் குரல் என்று எழுதின. பிள்ளையில்லாத பெண்களின் கண்ணீர் என்று அவள் சொன்னபோது எதிர்க்கட்சி வரிசையிலும் இரண்டொருவர் தலைகுனிந்தார்கள். அந்தச் சட்டமூலத்தின் பிரிவுகளுக்கெல்லாம் முகங்கள் இருந்தன என்பது ஹஸீனாவுக்குக்கூடத் தெரியாது. பொய் நம்பிக்கை விற்கும் நிலையத்தின் அனுமதி பறிக்கப்படும் என்ற மூன்றாம் பிரிவுக்கு, வருடக்கணக்காக அவளுக்கு ஊசி போட்டுப் புன்னகைத்த ஒரு வைத்தியரின் முகம். கணவனைப் பரிசோதிக்காமல் மனைவிக்குச் சிகிச்சை தொடங்கக் கூடாது என்ற ஐந்தாம் பிரிவுக்கு, ஒரு தடவையும் பரிசோதனைக்குப் போகாமல், அவளுடைய சீதன வீட்டிலிருந்து தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கல்யாணம் செய்துகொண்டவனின் முகம். இரவில் நித்திரை வராதபோது அவள் அந்தப் பிரிவுகளைச் செபம்போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்வாள். மனம் குளிரும்.

ஏழாம் பிரிவு நல்லரத்தினத்துக்கு. கரு எவருடையதாயினும் சுமந்து பெறுகிறவளே தாய்.

அவர்கள் ஊர்க் கண்ணகையம்மன் கோயிலில் எல்லாம் குடிப்படிதான், குடி என்கிற வம்சம் தாய்வழியேதான். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைக்குப் போகும். அவர் காத்துவந்த அந்தத் தாய்வழி இரத்தத்தைத்தான் ஏழாம் பிரிவு வெட்டியது. வருடச் சடங்கு தொடங்குகிற நாளில் குடிக்கு ஒரு பெண்ணாக நின்று அம்மனுக்கு நெல்லுக் குத்துவார்கள். ஒரு வருடம் அந்த முறை அன்னப்பூரணிக்கு வந்தது. கல்யாணமாகி வெகு காலமாகியும் வயிறு திறக்காத நேரம். குளித்து, புதுச்சேலை கட்டி, உலக்கையை ஓங்கினாள். பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது. “நீ வை புள்ள. புள்ளப் பாக்கியம் உள்ள ஒருத்தி குத்தட்டும்” என்றார் நல்லரத்தினம். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். காகத்தை விரட்டுகிறவர்களுக்கு இருக்கிற அக்கறை மட்டும். பெண்களுக்குள் யாரோ சிரித்தார்கள். யாரென்று அவளுக்கு இன்றும் தெரியாது. அதனால் அந்த ஊரின் எல்லா முகங்களிலும் அந்தச் சிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவரை உள்ளே வரச் சொன்னபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“தனியாக் கதைக்கணும், எம்பி அம்மா.”

ஹஸீனா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவர் உட்காரவில்லை. அன்னப்பூரணி உட்காரச் சொல்லவுமில்லை.

“கம்சாயினிக்கு ஆறு மாசம்” என்றார்.

கம்சாயினி அவருடைய செத்துப்போன தங்கையின் ஒரே மகள். அவர் வீட்டிலேயே வளர்ந்தவள், கல்யாணமாகியும் வெகு நாள் பிள்ளையில்லாமல் இருந்தவள். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தும் அவர்கள் மனைவியின் குடி. அவருடைய குடியில் மிஞ்சிய பெண் கம்சாயினி ஒருத்திதான்.

“சந்தோசம். அம்மாள் கண் திறந்திட்டா போல.”

“அம்மாள் இல்ல. கொழும்புல செஞ்சது.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “போன கிழமதான் எனக்கே சொன்னவள். கருமுட்ட அவள்ற இல்லயாம். ஆரோ ஒரு பொம்புளையிட. ஆரெண்டே தெரியா.”

  பெரிய மீன் தூண்டிலில் விழுந்ததை நூலில் உணர்கிறவள்போல அன்னப்பூரணி அசையாமல் இருந்தாள்.

“அப்ப அந்தப் புள்ள என்ன குடி, வண்ணக்கர் ஐயா?”

அவர் முகம் சுருங்கியது. “அதுக்குத்தான் வந்தன். உங்கட சட்டத்துல பெத்தவள்தான் தாயெண்டு இரிக்காமே. அது வந்திட்டா, நாளைக்கு இந்தக் கத வெளியில போனாலும் கோயில்ல ஒருத்தன் வாய் தொறக்க ஏலா. சட்டத்துக்கு எதிரா நான் குடுத்த மனுவ வாபஸ் வாங்குறன். மத்த எம்பிமாரிட்டயும் நானே போய்ச் சொல்றன். நீங்க மட்டும் இத...” வாயின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

அவரை அடிக்க என்று அவள் செதுக்கிய தடியை அவரே ஊன்றுகோலாகக் கேட்டு நின்றார். அவர் மனு வாபஸானால் சட்டமூலம் நிறைவேறும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போதவில்லை.

“வெள்ளிக்கிழம கோயில் வீதியில கூட்டம் இரிக்கி. நீங்க மேடையில ஏறணும்.”

“ஏறுறன். சட்டம் நல்லமெண்டு சொல்றன்.”

“அது மட்டும் காணாது. என்ர கையில இருந்து உலக்கையப் பறிச்சீங்களே, அதையும் சொல்லணும். பிழையெண்டு சொல்லணும். ஊர் முழுக்கக் கேக்கணும்.”

அவர் ஒட்டிய சட்டையை முதுகிலிருந்து இழுத்துவிட்டார். பிறகு தலையாட்டினார். போகும்போது கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் தடுமாறியதை அவள் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வாவிக்காற்று பந்தல் துணியை அடித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. முதல் வரிசையில் கம்சாயினி இருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவளுக்கு விசிறுவதும் சர்பத் கொடுப்பதுமாக இருந்தார்கள். மாமாவுக்கும் எம்பி அம்மாவுக்கும் நடந்த பேச்சு அவளுக்குத் தெரியாது.

நல்லரத்தினம் மைக்கைப் பிடித்தார். சட்டம் நல்லது என்றார். தான் ஏசியது அறியாமை என்றார். பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “அண்டைக்கு இந்தப் புள்ளயிட கையில இருந்து உலக்கையப் பறிச்சவன் நான்தான். அம்மாளுக்கு முன்னால சொல்றன். அது பெரிய பாவம். என்னை மன்னிக்கணும்.”  கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

இந்த நொடிக்காகத்தான் அன்னப்பூரணி இத்தனை வருடம் உயிரோடு இருந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், தலைகள் குனிய வேண்டும், அந்தச் சிரிப்பு எங்கோ ஒரு தொண்டையில் சிக்கிச் சாக வேண்டும். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழும்பி, “மனுசனெண்டா இவன் மனுசன்!” என்று கத்தினார். “எவனுக்கு இந்த மனசு வரும்?” என்றது இன்னொரு குரல். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. கோயில் செயலாளர் உணர்ச்சி தாங்காமல் மேடைக்கு ஓடிவந்து, அன்னப்பூரணிக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை நல்லரத்தினத்தின் தோளில் போர்த்திவிட்டார். வாங்கியது ஒன்றுதான்.

“அடுத்ததா நம்மட எம்பி அம்மா.”

அவள் எழுந்தாள். மேடையில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நல்ல மனிதர் மன்னிப்புக் கேட்டார், இனி அவள் மன்னிக்க வேண்டும், அவ்வளவுதான். நாக்கின் அடியில் ஒரே ஒரு வசனம் இருந்தது. இவருடைய மருமகளின் வயிற்றில் இருப்பது எந்தக் குடி என்று கேளுங்கள். அதைச் சொன்னால் மனு திரும்ப வரும், சட்டம் இங்கேயே மண்ணாகிப்போகும். பொன்னாடையும் மண்ணாகும்.

மைக்கை உயரம் பார்த்து மெதுவாக இறக்கினாள். நல்லரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. பொன்னாடையின் இரண்டு முனையையும் நெஞ்சோடு பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதடு ஏதோ சொன்னது, சத்தம் வரவில்லை. மன்னிப்பு இல்லை, இதுதான் தனக்கு வேண்டியிருந்தது என்று அன்னப்பூரணிக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பயம். அதை ருசித்துக்கொண்டே மைக்கின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அது கீச்சிட்டு அடங்கியது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

வாயைத் திறந்தாள்.

முதல் வரிசையில் கம்சாயினி சர்பத் கிளாஸைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கதிரைக் கையைப் பிடித்து ஊன்றி எழும்பினாள். இன்னும் ஒரு சொல்லும் பேசாத அன்னப்பூரணிக்காக, வயிற்றுக்கு மேலே கைகளை உயர்த்தி, அத்தனை பேருக்கும் நடுவில் தனியாகக் கைதட்டத் தொடங்கினாள்.