பத்தரை மணிப் புகை

பட்டறையில் தச்சருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் புகைபோக்கி. அலமாரியோ கதவோ மேசையோ, எதைத் தொட்டாலும் மயிரிழை பிசகாத கை அவருக்கு. ஆனால் அந்தக் கையில் உளி இல்லாத நேரமெல்லாம், இருபத்திரண்டு வருடமாக, சிகரெட் இருந்தது. மரத்தூளும் வார்னிஷும் நிறைந்த இடமென்பதால் பட்டறைக்குள் பற்றவைக்கக் கூடாது. பின்பக்கம் பலகை அடுக்கும் முற்றத்துக்குத்தான் போக வேண்டும். தினமும் பத்தரை மணிக்கு அவரும் பாலிஷ்காரரும் அங்கே போய் ஒரு பலகைக் கட்டின் மேல் உட்காருவார்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உறவு ஒன்றும் கிடையாது. நெருப்பு கொடுத்து நெருப்பு வாங்கிய சொந்தம்.

விட வேண்டும் என்று தச்சர் நினைக்காமல் இல்லை. நான்கு முறை விட்டுமிருக்கிறார். அதிகபட்சம் ஆறு நாள் தாங்கியது. ஒவ்வொரு முறையும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது. அதற்குப் பிறகு அவர் மனைவி அந்தப் பேச்சை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மனைவி கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள், இன்னும் வரவில்லை. தச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு முன்னறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தவர், பாலை மறந்தே போனார். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தவர், வழிந்த பாலைக் கவனிக்காமல், அடுப்பு எரியாததை மட்டும் பார்த்து, தானே அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்தார். உதட்டில் சிகரெட்டை வைத்தார். தீப்பெட்டியைத் திறந்து குச்சியையும் எடுத்துவிட்டார்.

வாசல் கதவு திறந்தது அப்போதுதான். மனைவி கத்தவில்லை. நாலு எட்டில் உள்ளே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். தீப்பெட்டியைப் பிடுங்கினாள். குமிழைத் திருகி மூடினாள். ஜன்னல்களை விரியத் திறந்தாள். அவரை இழுத்துக்கொண்டு போய் வெளியே மாடிப்படியில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"உங்களுக்கு வாடையே தெரியலையா?"

"என்ன வாடை?" என்றார் தச்சர்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். வாசலிலேயே தன் மூக்கைத் துளைத்தது என்றாள். திறந்த கதவு வழியே வந்த காற்றை அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்த கையை அவள் வெகுநேரம் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலையில் மிச்சமிருந்த சிகரெட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் குப்பையில் போட்டார். விடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால்தானே பொய்யாகும்?

ஆனால் வீட்டில் ஒரு ரகசியம் தங்குமா? அன்று சாயங்காலமே அவருடைய அக்காவின் போன் வந்தது. எந்த நோவுக்கும் அக்காவிடம் ஒரு கைவைத்தியம் உண்டு; அவளுடைய கணவரின் குறட்டைக்கு மட்டும்தான் இன்னும் கிடைக்கவில்லை. கிராம்பை வாயில் அடக்கச் சொன்னாள், வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னாள், கை நமநமவென்றால் கேரட்டைக் கடிக்கச் சொன்னாள். தச்சர் எல்லாவற்றையும் செய்தார். கிராம்பில் நாக்கு மரத்துப்போனது. தண்ணீர் குடித்து வேலையில் பாதி நேரம் கழிப்பறையில் கழிந்தது. கேரட்டைப் பார்த்த பட்டறை முதலாளி, வீட்டில் முயல் வளர்க்கிறாரா என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள்தான் படுமோசம். காரணமில்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். நல்ல பலகை ஒன்றை அளவுக்கு மேல் இழைத்துப் பாழாக்கினார். வீட்டுக்கு வந்து, இது தனக்கு ஆகாது என்று மனைவியிடம் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, ஆசை வந்தால் வேண்டாமென்று சண்டை போட வேண்டாம், பத்து நிமிடம் கழித்துக் குடிக்கலாமென்று தள்ளிப்போடுங்கள் என்றாள். அந்தப் பத்து நிமிடமும் எழுந்து நடக்கச் சொன்னாள். காலையில் காபியும் சிகரெட்டும் அவருக்கு ஒட்டிப் பிறந்தவை என்பதால், காபிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர் கொடுத்தாள். அவர் புகைக்க உட்காரும் நாற்காலியைக்கூட ஜன்னல் பக்கமிருந்து மாற்றிப் போட்டாள். கிராம்பைவிட இது வேலை செய்தது. ஆசை அலை மாதிரி எழும். நடந்துகொண்டே இருந்தால் தானாக வடிந்துவிடும்.

வடியாதது பத்தரை மணிதான். முற்றத்துக்குப் போனால் கை நீண்டுவிடும் என்று பயந்து, அந்த நேரத்தில் உள்ளேயே உளிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாலிஷ்காரர் முதல் இரண்டு நாள் சிரித்தார். அப்புறம், ஆறு நாள் கணக்குதானே, ஏழாம் நாள் வருவார் என்றார். ஏழாம் நாளும் தச்சர் வரவில்லை. பாலிஷ்காரரின் முகம் சுருங்கிவிட்டது. தச்சர் சாமியாராகிவிட்டார், நம் வாடை அவருக்கு ஆகாது என்று மற்றவர்களிடம் சொன்னார். செய்து முடித்த கதவைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே வைக்கச் சொல்லிச் சைகை மட்டும் காட்டினார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, தேக்குப் பலகையை இழைத்துக்கொண்டிருந்த தச்சர் சட்டென்று நின்றார். மரத்திலிருந்து எண்ணெயும் மண்ணும் கலந்தாற்போல ஒரு மணம் எழுந்தது. சுருள் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மறுபடி மறுபடி முகர்ந்தார். இத்தனை வருடம் இதன் நடுவில்தான் நின்றிருந்தோமா என்றிருந்தது. இதை முதலில் பாலிஷ்காரரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினார். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பதினெட்டாம் நாள் பத்தரை மணிக்குத் தச்சர் முற்றத்துக்குப் போனார். பாலிஷ்காரர் நகர்ந்து இடம் விட்டு, பெட்டியை நீட்டினார். தச்சர் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். தலை கிறுகிறுத்தது, சாம்பலை மென்ற மாதிரி இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சுகமாக இருந்தது. பாலிஷ்காரர் தன் மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததைச் சொன்னார். பத்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

சாயங்காலம் சமையலறையில் நின்று தச்சர் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். முன்பு தவறியபோதெல்லாம் அவராகச் சொன்னதில்லை. எப்போதும் அவளாகத்தான் கண்டுபிடிப்பாள்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஒண்ணா?"

"பாதி."

"பாதி குடிச்சா பதினேழு நாள் அழிஞ்சா போயிடும்? நாளைக்கு விட்ட இடத்துலேருந்து தொடருங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "தாங்க முடியலையா?"

"அதைத் தாங்கிடலாம். பக்கத்துல உக்காந்து பேச ஆளில்லாததுதான் தாங்கல."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லைதான். மறுநாள் பத்தரைக்கு முன்பே பாலிஷ்காரரிடம் போய், அடுப்பு அணைந்ததிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்தது வரை ஒன்று விடாமல் சொன்னார். பாலிஷ்காரர் கையிலிருந்த துணியை மடித்து மடித்துக் கடைசியில் கீழே வைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மச்சான்."

"நீ கிண்டல் பண்ணுவேன்னு நெனச்சேன்."

"பண்ணியிருப்பேன்தான்," என்றார் பாலிஷ்காரர். "அப்புறம் நிறுத்தியிருப்பேன்."

அன்றிலிருந்து பாலிஷ்காரர் பத்து இருபதுக்கே தனியாகப் போய்ப் புகையை முடித்துக்கொண்டு வருவார். பத்தரைக்கு இருவரும் தெருமுனை வரை நடந்து திரும்புவார்கள். பேச்சுக்குக் குறைவே இல்லை. முதல் மாதம் முழுக்கப் பாலிஷ்காரர் மூன்றடி தள்ளியே நடந்தார், தன் சட்டை வாடை மச்சானைக் கெடுத்துவிடுமோ என்று.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. தச்சர் அதற்குப் பிறகு தொடவில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்கு அலமாரிக் கதவு மாட்ட இருவரும் போயிருந்தார்கள். வீடு நான்காவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. ஆளுக்கொரு முனையாகக் கதவைப் பிடித்து ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாலிஷ்காரர் தன் முனையை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தச்சர் அவசரப்படுத்தவில்லை. கதவைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூச்சு கொஞ்சம் அடங்கியதும், பாலிஷ்காரர் படியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த மொத மூணு நாள் எப்படி மச்சான் இருந்துச்சு?"

நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லலாமா என்று தச்சர் யோசித்தார்.

"ரொம்ப மோசமா இருந்துச்சு," என்றார். "நாலாவது நாள் கொஞ்சம் பரவால்ல."

பாலிஷ்காரர் தலையை ஆட்டினார். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதவின் முனையைப் பிடித்தார். இருவரும் மெதுவாக ஏறினார்கள்.