நாளிதழிலிருந்து இறங்கிய ஆமை

நரம்பைக் கடற்கரையில் அந்த மாசிக் காலையில் இருந்தவர்கள் படகுக்காரர் சம்மந்தம், அவர் மனைவி ருக்குமணி, மகன் திலீப், மீன் வாங்க வந்த காசம்மாள், நிருபர் மணிபாரதி, இவர்களோடு பங்குனி ஆமை என்ற இனத்துக் கடலாமை ஒன்று. ஆமை மட்டும் மூன்றாம் நாள் வில்லியனூர் டீக்கடையில் நாளிதழிலிருந்து இறங்கி நடந்தது.

சம்மந்தத்தின் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு வழக்கம். ஆமை சிக்கினால் வலையைத்தான் அறுப்பார்கள். ஓட்டில் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கும்பிட்டுக் கடலில் விடுவார்கள். அன்றும் அப்படியே விட்டார்கள். மணிபாரதி செல்பேசியில் எடுத்த படத்தையும் சம்மந்தத்தின் பெயரையும் மட்டும் அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர்களுக்குக் குங்குமம் ரத்தமாகத் தெரிந்தது. 'அழிந்துவரும் ஆமை அடித்துக் கொலை: மீனவர் வெறிச்செயல்' என்று மறுநாள் சம்மந்தத்தின் பெயரோடு செய்தி வந்தது.

“இன்னாண்ணே, பேப்பர்லயே வந்துட்ட. கறியில எனக்கு ஒரு துண்டு இல்லியா?” என்றாள் காசம்மாள். அறுபத்தெட்டு வயதுவரை யாருக்கும் தலைகுனியாத சம்மந்தம் அன்று கரைக்குப் போகவில்லை.

“தலைப்பு நான் போடலீங்கய்யா, ஆபீஸ்ல போட்டது” என்றார் மணிபாரதி.

“பேரு என்னுதுப்பா” என்றார் சம்மந்தம்.

திருத்தம் போட இடமில்லை என்று அலுவலகம் சொல்லிவிட்டது. அதற்கு அடுத்த நாள் காலை ஏழரை மணிக்கு டீக்கடையில் மடித்துக் கிடந்த அந்தத் தாளிலிருந்து ஆமை இறங்கியது. மூலக்குளத்தில் பஜ்ஜி மடித்த தாளிலிருந்து ஒன்று எண்ணெய்க் கறையோடு வந்தது. பாகூர் வரை அந்தத் தாள் கிடந்த இடத்திலிருந்தெல்லாம் ஆமைகள் மஞ்சளும் குங்குமமுமாக உயிரோடு இறங்கி, பேருந்துகள் நின்று வழிவிட, இரண்டு நாள் நடந்து நரம்பைக்கு வந்தன. தாள்களில் படம் இருந்த இடத்தில் வெறும் மணல்தான் மிச்சம். சம்மந்தத்தின் வாசலில் தலைதூக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கின. அவர் ஒவ்வொன்றையும் கும்பிட்டார். கடைசி ஆமை போகும்வரை உட்காரவில்லை. காசம்மாள் ஒன்றின் ஓட்டைத் தொட்டாள், விரலில் குங்குமம் ஒட்டியது. அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, “மனசுல வச்சுக்காதண்ணே” என்றாள்.

அந்த வாரமே திருத்தம் வந்தது, அதே பக்கத்தில், அதே அளவில். மணிபாரதி வீட்டுக்குச் சம்மந்தம் ஒரு கூடை வஞ்சிரம் அனுப்பினார். படம் எடுத்தவர் அவர்தானே.

தாளிலிருந்து வந்த ஆமைகளெல்லாம் கரையில் முட்டையிட்டதாகப் பாகூரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. தாள் ஆமை முட்டையிடாது. முட்டையிட்டது சம்மந்தம் வலையறுத்துவிட்ட ஆமை ஒன்றுதான். அவர் படகின் அருகில், நூற்றுப்பன்னிரண்டு முட்டை. பத்து நாள் கடலில் கிடந்தும் அதன் குங்குமம் கலையவில்லை.