ஸ்ட்ரக் ஆகுதும்மா

என் மகள் வீடு மாறிய செய்தி எனக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தது.

அன்றைக்கு நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ரெடிமேட் கடைக்கு ஆல்டரேஷன் வேலை செய்கிறவள் நான். பேன்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, எதுவானாலும் வாயில் நாலு குண்டூசி இருக்கும். மாடிக்காரி, அதாவது என் கொழுந்தன் மனைவி, தன் பெரிய பையனின் பேன்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“புது வீட்டு ஜன்னல் எவ்ளோ பெருசுக்கா! பாப்பா நல்லா பாத்துத்தான் வீடு பிடிச்சிருக்கா” என்றாள்.

எந்தப் புது வீடு? வாயில் ஊசி இருந்தது நல்லதாகப் போயிற்று. “ம்” என்றேன்.

“குடி போய் ரெண்டு வாரம் ஆச்சுல்ல?”

அதற்கும் ஒரு “ம்”. எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையையும் ஆட்டினேன். அவள் படியேறிப் போன பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினேன். நாலாவது என் விரலிலேயே ஏறிவிட்டது.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்றவள் நான், செய்தி முதலில் போவது அவளுக்கு. அவளுக்கு இரண்டும் பையன்கள். பெண் ஆசை இருந்தால் இன்னொன்று பெற்றுப் பார்த்திருக்கலாம். ஊரில் வேறு பெண்ணே கிடைக்காத மாதிரி என்னுடையதைத்தானா வளைத்துப் போட வேண்டும்?

மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். முதல் ஃபோன் எனக்குத்தான், குறை சொல்லக் கூடாது. நாங்கள் பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம் இருக்கும், அவள் முகம் அப்படியே நின்றுவிடும். திரும்பி வந்தால், “அம்மா, ஸ்ட்ரக் ஆகுதும்மா. வெச்சிடறேன், அப்புறம் பேசறேன்” என்பாள். வைத்துவிடுவாள். பத்து நிமிடம் கழித்து என் தலைக்கு மேலே நாற்காலி இழுபடும். அப்புறம் மாடிக்காரியின் சிரிப்பு. ஒரு மணி நேரம். நடுவில் பேச்சு கேட்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். என்னதான் சிரிக்க இருக்கிறதோ!

இத்தனைக்கும் மாடிக்கும் கீழுக்கும் ஒரே கம்பெனி நெட். ஒரே நாளில் ஒரே ஆள் வந்து இரண்டு ஒயரையும் இழுத்தார். மேலே தண்ணீராய் ஓடுகிறது, கீழே மட்டும் முக்கி முனகுகிறது என்றால் என்ன அர்த்தம்? என்னுடையதை அவர்கள் உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பையன்கள் இருவரும் விழித்திருக்கும் நேரமெல்லாம் கேம் ஆடுகிறவர்கள். அண்ணன் பாசத்தில் இவர், என் வீட்டுக்காரர், தம்பிக்குப் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்திருப்பார். கேட்டால், “அவங்களுக்கே தனி லைன் இருக்கு. நம்மளது எதுக்குடி அவங்களுக்கு?” என்பார். எதுக்கா? என் பெண் எதுக்கோ, அதுக்குத்தான்.

ரெடிமேட் கடை முதலாளி ஒரு விஷயம் சொல்லியிருந்தார். வைஃபை சுவர் ஏறும், தளம் ஏறும், இரும்பை மட்டும் தாண்டாதாம். ஆறு மாதம் முன்பு நெட் பெட்டியைக் கழற்றி, என் இரும்பு பீரோவுக்குள் பழைய பெட்ஷீட்களுக்கு நடுவில் வைத்தேன். பீரோவின் அடியில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று உண்டு, ஒயரை அதன் வழியாக விட்டேன். கதவைப் பூட்டிச் சாவியை மெஷின் டிராயரில் போட்டேன். இனி ஒரு சொட்டு மேலே ஏறாது.

அதற்கப்புறம் ஸ்ட்ரக் இன்னும் அதிகமாயிற்று. முன்பு எப்போதாவது நிற்பது இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நின்றது. பாருங்களேன், பூட்டி வைத்தும் விடமாட்டேன் என்கிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது.

புது வீட்டுச் செய்திக்குப் பிறகு நான் பொறுக்கவில்லை. கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். அணைத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். இன்னொரு முறை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். “நான் என்ன சுவிட்சுக்குக் காவலா? ஆளை அனுப்புங்க” என்று கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நெட்காரர் வந்தார். தோளில் ஏணி, இடுப்பில் பை, நாற்பது வயது இருக்கும்.

“ஸ்ட்ரக் ஆகுதா, கட் ஆகுதாம்மா?” என்றார்.

“ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?”

“இல்லம்மா. கட் ஆனா ஆளே போயிடும். ஸ்ட்ரக் ஆனா படம் நிக்கும். மூஞ்சி, சுவரு, பின்னாடி ஓடற ஃபேன், எல்லாம் ஒண்ணா நிக்கும், ஃபோட்டோ மாதிரி. ஒண்ணு நின்னு ஒண்ணு ஓடாது. உங்களுக்கு எப்படி நிக்குது?”

“எம் பொண்ணு நிப்பா” என்றேன். பின்னால் இருக்கிற ஃபேனை யார் பார்த்தது?

அவர் வாசலுக்குப் போய் ஏணி போட்டு ஏறினார். ஒயரைத் தன் கருவியில் சொருகிப் பார்த்துவிட்டு, “லைன் சுத்தமா இருக்கும்மா, ஒரு குத்தம் சொல்ல முடியாது” என்று இறங்கினார். ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம், சமையலறை, படுக்கையறை என்று நடந்தார். பீரோவுக்குக் கிட்டே போகப் போக வழியைத் தவறவிட்டவர் போல நின்று நின்று பார்த்தார்.

“பெட்டி எங்கம்மா?”

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். நான் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தேன்.

பீரோ திறந்தது. பெட்ஷீட்டை விலக்கினேன். உள்ளே மூன்று பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நெட்காரர் குனிந்து பீரோவின் பூட்டை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

“இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இதைப் பூட்டி சாவி போட்ட வீடு இதுதாம்மா மொதல்.”

“திருட்டுப் போகுது தம்பி. அதான்.”

“பெட்டியா?”

“உள்ள இருக்கறது” என்று கண்ணால் மாடியைக் காட்டினேன்.

அவர் சிரிப்பை மென்று விழுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை. ஃபோனில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினார். “இதுல யார் யார் இருக்காங்கன்னு வரும். உங்க ஃபோனு, சார் ஃபோனு, டிவி. மூணே மூணு. வேற ஒரு ஈ காக்கா இல்ல. இரும்புக்குள்ள போட்டு, மேல போர்வையும் போத்தினா அது எப்படிம்மா மூச்சு விடும்?”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் இவர்.

“எப்ப சொன்னீங்க? கூரையப் பாத்து சொன்னீங்களா?”

நெட்காரர் பெட்டியை எடுத்துத் துடைத்து பீரோவின் தலைமேல் வைத்தார். என் ஃபோனில் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார். தடுக்காமல் கொள்ளாமல் ஓடியது. “இனிமே ஸ்ட்ரக்கே ஆகாது. அப்படி ஆச்சுன்னா என்னையக் கூப்பிடுங்க” என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மானம் போனதுதான். போகட்டும். என் பெண் எனக்கு வருகிறாள், அது போதும். முகம் கழுவி, தலை வாரி, நல்ல சட்டையாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும்படி இவரையும் விரட்டிவிட்டு, நாலு மணிக்கு முன்பே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு மேலே நாற்காலி இழுபடாது. பேச வேண்டியதை எல்லாம் இங்கேயே பேசி முடித்துவிடுவாள்.

ஃபோன் வந்தது. என்ன ஒரு தெளிவு! மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன மச்சம்கூடத் தெரிந்தது. முடியை வெட்டியிருந்தாள், அதுவும் எனக்குத் தெரியாது.

“அம்மா! இவ்ளோ க்ளியரா தெரியற!”

“நெட் சரியாயிடுச்சுடி. இனிமே ஸ்ட்ரக்கே ஆகாதாம். நெட்காரர் எழுதிக் கொடுக்காத குறை.”

“ஓ” என்றாள். அந்த ‘ஓ’வை நான் அப்போது கவனிக்கவில்லை. “விரல்ல என்னம்மா, துணி சுத்தியிருக்க?”

ஊசி குத்தியது என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருக்கலாம். எனக்கென்று ஒரு வாய் இருக்கிறதே, அது அடங்குமா?

“என் விரலு கிடக்கட்டும். வீடு மாறினியே, என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேம்மா. ஸ்ட்ரக் ஆயிடுச்சு.”

“உன் சித்திக்கு மட்டும் ஸ்ட்ரக் ஆகலையோ?”

“அம்மா, ஆரம்பிக்காத.”

“நான் என்னடி ஆரம்பிச்சேன்? பெத்தவ மூணாம் மனுஷி மாதிரி அடுத்தவ வாயால கேட்டுக்கணுமா? ஒரு மணி நேரம் அவகிட்ட என்ன பேசுவ? என்னைப் பத்தியா? போன வாரம் அப்படி என்ன சிரிப்பு? என்னதான் சொக்குப்பொடி போடறா அவ…”

அவள் முகம் நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் என்னைப் பார்த்தபடி.

“பாப்பா? பாப்பா!”

எனக்கு நெட்காரர் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏணியைக் காட்டி ஏமாற்றிவிட்டானே பாவி! இவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெரிய ஜன்னல் கண்ணில் பட்டது. மஞ்சள் திரை. என் தொழில் புத்தி முதலில் அதன் நீளத்துக்குத்தான் போனது. நாலு விரல் கூடுதல், தரையில் புரள்கிறது, மடித்து அடிக்க வேண்டும்.

புரள்கிறது.

காற்றில் உப்பி, உள்ளே வந்து, மெதுவாகத் தரையைத் தடவிவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுபடியும் உப்பியது. என் பெண் மட்டும் அசையவில்லை. சின்ன வயதில் மருந்தோடு நான் போனால் இப்படித்தான், தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வாள். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். கெட்டிக்காரி. இப்போதும் அவள் தொண்டை மட்டும் ஒரு தரம் ஏறி இறங்கியது.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவள் எதற்குப் பயந்து இப்படி உட்கார்ந்திருக்கிறாளோ அதையே நான் செய்ததாக ஆகும்.

“ஸ்ட்ரக் ஆயிடுச்சு போல” என்றேன். குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. “நான் வெச்சிடறேண்டா. அப்புறம் பேசு.”

நான் சிவப்புப் பொத்தானைத் தொடுவதற்குள் அவள் கண் இமைத்தது.

ஆறு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். எத்தனை தரம் பெட்டி நின்றது, எத்தனை தரம் அவள் நின்றாள்? பெட்டியை பீரோவுக்குள் வைப்பதற்கு முன்பும் எப்போதாவது நின்றதே, அதெல்லாம் எது? நான் அவள் முகத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. எப்படித் தெரியும்?

பத்து நிமிடம் ஆயிற்று. தலைக்கு மேலே நாற்காலி இழுபட்டது. அப்புறம் அந்தச் சிரிப்பு. அவளிடம் போய்க் கேட்கலாம்தான், ‘அப்படி என்னதான் பேசுவீங்க, எனக்கும் சொல்லிக் கொடு’ என்று. அதற்கு நான் செத்துப் பிறக்க வேண்டும்.

எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். பீரோவின் தலையிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய இடத்தில் பெட்ஷீட்களுக்கு நடுவில் வைத்து, மேலே ஒன்றை நன்றாகப் போர்த்தினேன். மூன்று பச்சை விளக்கும் மறைந்தன. கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பும்போது இவர் வந்து நின்றார்.

“என்னடி பண்ற? இப்பத்தானே அந்த ஆளு சரி பண்ணிட்டுப் போனாரு?”

“வெளிய வெச்சா தூசி படியுது” என்றேன்.