கம்பவுண்டர் தோட்டத்தில் எதுவும் மக்கவில்லை

கம்பவுண்டர் வீட்டுத் தோட்டத்தில் புதைத்த நாய் மூன்று வருஷம் கழித்தும் நாயாகவே இருந்தது. குழாய் ஒழுகுகிறதென்று பிளம்பர் தோண்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காது மடிந்தபடியே, மூக்கின் ஈரம்கூடக் காயாமல், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதுபோல் படுத்திருந்தது. பிளம்பர் "சூ" என்று விரட்டிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை; செத்தது செத்ததுதான். ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர் கம்பவுண்டரின் மனைவி. குழந்தை இல்லாத வீடு அது. ஒருமுறை அழுது ஓய்ந்திருந்த அந்த அம்மாள், குழியோரம் உட்கார்ந்து முதலிலிருந்து அழ ஆரம்பித்தார்.

கம்பவுண்டர் கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க ஒரே விஷயத்தைச் சொன்னவர்: "சரியாயிடுச்சுன்னு பாதியில நிறுத்தக் கூடாது." ஓய்வு பெற்றதும் ரோஜாச் செடிகளையும் அப்படியே கவனித்தார். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, களைக்கு ஒன்று, தெம்புக்கு வெள்ளை உரம். பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையும் மாலையும் உண்டு. ரோஜாக்கள் முட்டைக்கோஸ் அளவுக்குப் பூத்தன. தெருவே மூக்கின் மேல் விரல் வைத்தது. அடுத்த வருஷம் மண்புழுக்கள் வீட்டைக் காலி செய்தன. அவை வரிசையாகக் கேட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போவதைப் பார்த்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி வழிவிட்டார். அதற்குப் பிறகு மண் சாப்பிடுவதையே விட்டுவிட்டது. உதிர்ந்த இதழ்கள் நிறம் மாறாமல் கிடந்தன. போன வருஷத்து வாழைப்பழத்தோல் இந்த வருஷமும் மஞ்சளாகவே இருந்தது. கம்பவுண்டர் அதைச் சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டார், பாவம்.

மேனேஜரைத் திரும்ப மூடினார்கள். ஆனால் அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. "அது போயும் போகாம கிடக்குதுங்க. எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. மருந்தை நிறுத்துங்க," என்றார்.

"நிறுத்தினா செடியெல்லாம் செத்துடும்மா."

"சாகட்டும். செத்தவனைக்கூடப் போக விடாத மண்ணுல எனக்கு எதுக்குப் பூ?"

அன்றைக்குக் கம்பவுண்டர் வாழ்க்கையில் முதல்முறையாக மருந்தைப் பாதியில் நிறுத்தினார். ரோஜாக்கள் பழகிய புட்டியைத் தேடி, அவர் நடந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பின. பிறகு ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. அவர் வாய்விட்டு அழுதார். வெறும் தரையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தட்டில் நிற்பதுபோல் நின்றது.

எதிர்வீட்டு டைப்பிஸ்டின் தோட்டத்தை அதுவரை அவர் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். தோட்டமா அது, காடு! அந்தக் காட்டு வாசலில்தான் கூடையோடு போய் நின்றார்.

"கொஞ்சம் மண்ணு வேணும்மா."

"தாராளமா எடுங்க சார். என் சோம்பேறித்தனம் மொத்தமும் அதுலதான் இருக்கு," என்றாள் அவள். பழைய பேச்சைச் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் காட்டியிருப்பேன்.

புழு நெளிந்த அந்த மண்ணை மேனேஜர் மேல் பரப்பி, காய்கறித் தோலும் காய்ந்த இலையும் போட்டு மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டார். அவருக்கு மூட்டுவலி வந்தது, அம்மாளுக்குக் கண்ணாடி வந்தது, டைப்பிஸ்டுக்கு மாப்பிள்ளை வந்தார், தோல்கள் மட்டும் மாறவே இல்லை. கம்பவுண்டர் இந்த வைத்தியத்தையும் பாதியில் விடவில்லை.

ஒரு மழை விட்ட காலையில் அம்மாள் தோட்டத்திலிருந்து கத்தினார்: "ஏங்க, ஓடி வாங்க! நாறுது!"

அவர் செருப்புப் போடாமல் ஓடினார். குடலைப் புரட்டும் நாற்றம். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர முகர்ந்தார்கள். அம்மாள் கடைசியாக ஒருமுறை அழுது, முகம் கழுவி, அன்று இரண்டு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டார். தெருவில் ஒருவரும் ஜன்னலைச் சாத்தவில்லை.

அடுத்த மழைக்கு அந்த இடத்தில், யாரும் விதைக்காத ஒரு பூசணிக்கொடி முளைத்துக் கேட்டுவரை ஓடி, அங்கேயே படுத்துக்கொண்டது. யார் கேட்டைத் திறந்தாலும் அதன் நுனி ஆடும். புதிதாக வருபவர்கள் தயங்கி நின்றால் கம்பவுண்டர் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்: "கடிக்காது, வாங்க."